அறுபது முட்டை பொரித்தும் ஒரு நல்ல குஞ்சு இல்லையா? பெற்றோரைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் பதினோரு வயது மகளும் போனில் போக்கிமான் கோ ஆடித்தான் இதற்குள் வந்தோம். இப்போது ஸ்விட்சில் போக்கிமான் வயலெட் ஆடுகிறோம். அவளுக்குக் கெங்கார் என்ற போக்கிமான் என்றால் உயிர். ஓர் ஆண், ஒரு பெண் கெங்காரை லெவல் 50 வரை வளர்த்து, தங்க பாட்டில் கேப் கொடுத்து ஆறு ஸ்டாட்டையும், அதாவது சண்டைத் திறன்களையும், உச்சத்துக்கு ஏற்றினோம். மின்ட் கொடுத்து நேச்சரையும் (எந்த ஸ்டாட் கூடும், எது குறையும் என்ற குணம்) டிமிட் ஆக்கினோம், ஸ்பீட் கூடி அட்டாக் குறையும் குணம் அது. பிறகு பிக்னிக்கில் விட்டு 60 முட்டை பொரித்துவிட்டோம். குஞ்சுகள் எல்லாம் சுமார்தான், நேச்சரும் ஆளுக்கொன்றாக வருகிறது. எங்கே தவறு செய்தோம்? போனில் 15/15/15 டிட்டோ (ஏறக்குறைய எந்தப் போக்கிமானோடும் ஜோடி சேர்வது) ஒன்று வைத்திருக்கிறோம், அது உதவுமா?

பதில்: உதவும். நன்றாகவே உதவும். முதலில் அந்த அறுபது முட்டைக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடலாம். இந்தத் தவறைச் செய்யாதவர்கள் குறைவு. பாட்டில் கேப்பைச் செலவழித்தபிறகுதான் பெரும்பாலோருக்குத் தெரியவருகிறது.

ஒவ்வொரு போக்கிமானும் பிறக்கும்போதே ஆறு எண்களோடு பிறக்கிறது. ஹெச்பி, அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீட் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 31 வரை ஓர் எண். இதைத்தான் ஆடுகிறவர்கள் ஐவி என்கிறார்கள். குஞ்சுக்குப் போவது இந்தப் பிறவி எண் மட்டும்தான். பாட்டில் கேப் அந்த எண்ணைத் தொடுவதே இல்லை. சண்டையில் 31 இருப்பதுபோல் கணக்கு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மின்ட்டும் அப்படியே. நேச்சரின் பலன் மாறும், பிறவி நேச்சர் மாறாது. தலைக்குச் சாயம் பூசிய அப்பாவுக்குப் பிள்ளை அந்த நிறத்து முடியோடு பிறக்காது இல்லையா, அதே கதை.

பெட்டியில் ஜட்ஜ் பக்கத்தைத் திறந்து உங்கள் கெங்கார்களைப் பாருங்கள். பிறவியிலேயே 31 இருந்தால் ‘பெஸ்ட்’ என்று காட்டும். கேப் போட்டு ஏற்றியது என்றால் ‘ஹைப்பர் டிரெயின்ட்’ என்று காட்டும். உங்கள் இரண்டிலும் ஆறு வரியிலும் இரண்டாவதுதான் நிற்கும் என்று நினைக்கிறேன். அதற்கு அடியில் இருக்கும் பிறவி எண் 4 ஆக இருக்கலாம், 19 ஆக இருக்கலாம். குஞ்சுக்கு இறங்கியது அதுதான்.

அந்தக் கெங்கார்கள் வீண் இல்லை. சண்டைக்கு அவை இப்போதே தயார், மகள் தாராளமாக ஆடலாம். சண்டைக்கு மட்டும் ஒரு கெங்கார் போதும் என்றால் முட்டை பொரிக்கவே தேவையில்லை. வயலெட்டில் லெவல் 50 வந்தாலே கேப் போடலாம், அதற்கு முந்தைய ஆட்டங்களில் 100 வரை வளர்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் கேப் எண்ணை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. கெங்காருக்கு அட்டாக் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எதிராளி ‘ஃபவுல் ப்ளே’ அடித்தால் நம்முடைய அட்டாக்கை வைத்தே நம்மை அடிப்பான். குழம்பிப்போய்த் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும்போதும் அட்டாக்தான் கணக்கு. ஆக, ஐந்து பெஸ்ட், அட்டாக் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்று ஒரு கெங்கார் வேண்டுமென்றால் பிறவியிலேயே வர வேண்டும். நீங்கள் இருவரும் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அதைத் தொடருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு எண்ணுக்கு என்ன பெரிய வித்தியாசம் என்று மகள் கேட்டால் இதைக் காட்டுங்கள். ஆன்லைன் ரேங்க் சண்டையில் எல்லோரையும் லெவல் 50க்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே ஸ்பீட் பயிற்சி முழுக்க முடித்த டிமிட் கெங்காரின் ஸ்பீட், ஐவி 31 என்றால் 178. ஐவி 30 என்றால் 177. எதிரே இன்னொரு கெங்கார் 178இல் நின்றால் அதுதான் முதலில் அடிக்கும். கெங்காரின் உடம்புக்கு அந்த முதல் அடியைத் தாங்குவது கஷ்டம்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு பொருள் வேண்டும்: டெஸ்டினி நாட், எவர்ஸ்டோன். இரண்டுமே டெலிபேர்ட் ப்ரெசென்ட்ஸ் கடையில் கிடைக்கும். ஆட்டத்துப் பணத்தில் நாட் 20,000, எவர்ஸ்டோன் 3,000. எதுவும் பிடிக்காமல் ஜோடி சேர்ந்தால் ஆறில் மூன்று ஐவிதான் பெற்றோரிடமிருந்து வரும், மீதி மூன்று குலுக்கல். பெற்றோரில் ஒன்று டெஸ்டினி நாட் பிடித்திருந்தால் ஆறில் ஐந்து பெற்றோரிடமிருந்து வரும், ஒன்றுதான் குலுக்கல். எவர்ஸ்டோன் பிடித்திருப்பதன் நேச்சர் குஞ்சுக்கு நிச்சயமாக இறங்கும். கல் இல்லாவிட்டால் 25 நேச்சரில் ஏதோ ஒன்று. கெங்கார் முட்டையிலிருந்து வருவது அதன் முதல் வடிவமான கேஸ்ட்லிதான். பிறவியிலேயே டிமிட் ஆன கேஸ்ட்லி ஒன்றைப் பிடித்து அதன் கையில் எவர்ஸ்டோன் கொடுங்கள். நாட்டை டிட்டோவிடம் கொடுங்கள்.

இப்போது உங்கள் டிட்டோ. போனில் மூன்று எண்தான், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. ஆட்டம் விட்டு ஆட்டம் போக்கிமானை மாற்றும் செயலியான போக்கிமான் ஹோம் வழியாக மாறும்போது அந்த எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டிக்கொள்வார்கள். 15 என்பது 31 ஆகிவிடும். அட்டாக் எண் அட்டாக்குக்கும் ஸ்பெஷல் அட்டாக்குக்கும் போகும், டிஃபென்ஸ் எண் இரண்டு டிஃபென்ஸுக்கும் போகும். அதனால் 15/15/15 டிட்டோ வயலெட்டில் வந்து இறங்கும்போது ஐந்து பெஸ்டோடு இறங்கும். போனில் ஸ்பீட் என்று ஒன்று இல்லாததால் அது மட்டும் குலுக்கல்.

ஒன்றை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். அனுப்பினால் அனுப்பியதுதான், அந்த டிட்டோ போனுக்குத் திரும்ப வராது. காட்டில் பிடிபடுவதில் 15/15/15 அமைவது 4,096இல் ஒன்று. மகள் பிடித்ததாக இருந்தால் அவளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். போன் ஆட்டத்திலிருந்து ஹோமுக்கு, அங்கிருந்து ஸ்விட்சில் இருக்கும் ஹோம் செயலி வழியாக வயலெட்டுக்கு. ஹோமின் இலவசக் கணக்கே இதற்குப் போதும்.

வந்ததும் ஜட்ஜில் ஸ்பீட் வரியைப் பாருங்கள். அதுவும் பெஸ்ட் என்றால் அதிர்ஷ்டம்தான். இல்லையென்றால் ஸ்பீட் கேஸ்ட்லி பக்கத்திலிருந்து வர வேண்டும். கேஸ்ட்லிகளைப் பிடித்துக்கொண்டே போய் ஸ்பீட் பெஸ்ட் உள்ளதை எடுத்துவையுங்கள், சராசரியாக 32இல் ஒன்று அப்படி இருக்கும். கிடைத்ததும் அதன் கையில் பவர் ஆங்க்லெட் கொடுத்து டிட்டோவோடு விட்டால் ஸ்பீட் நிச்சயமாகக் குஞ்சுக்கு இறங்கும். டிட்டோ கையில் நாட் இருப்பதால் இன்னும் நான்கும் பெற்றோரிடமிருந்தே வரும். இந்தச் சுற்றில் எவர்ஸ்டோனுக்குக் கை இல்லை, நேச்சர் அது பாட்டுக்கு வரட்டும். ஸ்பீடோடு டிமிட் ஆகவும் ஒரு குஞ்சு வந்தால் அடுத்த சுற்றில் கல்லை அதனிடம் கொடுங்கள்.

முட்டை எடுக்கும்போது கையில் தாயும் டிட்டோவும் மட்டும் இருக்கட்டும். மற்றவை கூட இருந்தால் டிட்டோ அவற்றோடும் சேர்ந்து, கூடையில் யார் முட்டை என்றே தெரியாமல் போய்விடும். வாழைப்பழம், பீநட் பட்டர், பட்டர் வைத்து சாண்ட்விச் செய்து சாப்பிட்டால் முட்டைச் சக்தி அரை மணி நேரம் நிற்கும். மேசை ஓரத்துக் கூடையைச் சும்மா போய்த் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். பத்து முட்டை வரை அது தாங்கும். ஒரு காபி போட்டுவிட்டு வந்து மொத்தமாக எடுங்கள். பொரிக்கப் போகும்போது ஃபிளெட்சிண்டரை முன்னால் வைத்து ஐந்து முட்டையோடு மிராய்டான் மேல் ஏறிச் சுற்றுங்கள். ஃபிளெட்சிண்டரின் ‘ஃபிளேம் பாடி’ சூட்டில் பாதி நேரத்தில் பொரிந்துவிடும்.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் ஜோடியை வைத்துக்கொண்டே நூறு முட்டை பொரிக்கிறார்கள். வேண்டாம். டிட்டோவிடம் ஐந்து பெஸ்ட், கேஸ்ட்லியிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்றால், முதல் பத்து முட்டையில் மூன்று நான்கு குஞ்சுகளுக்கு மூன்று பெஸ்டாவது இருக்கும். நான்கு பெஸ்டோடு ஒன்று வரலாம். அதோடு நிறுத்துங்கள். அந்தக் குஞ்சைத் தாயின் இடத்தில் வையுங்கள், எவர்ஸ்டோனை அதன் கைக்கு மாற்றுங்கள், பழைய கேஸ்ட்லிக்கு ஓய்வு கொடுங்கள். அடுத்த பத்து. இன்னும் நல்லது வந்தால் மறுபடியும் மாற்றுங்கள். ஒரே ஸ்டாட்டில் இரண்டு பெற்றோருக்கும் 31 இருந்தால், அது யாரிடமிருந்து வந்தாலும் 31தான். ஒவ்வொரு முறை பெற்றோரை மாற்றும்போதும் குலுக்கலுக்கு விடும் இடம் குறைந்துகொண்டே வரும். நான்கைந்து சுற்றில், மொத்தம் உங்கள் அறுபது முட்டைக்குள்ளேயே, பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

எங்கே நிற்பது? அட்டாக் தவிர ஐந்திலும் பெஸ்ட் உள்ள ஓர் ஆண், ஒரு பெண் கேஸ்ட்லி கிடைத்துவிட்டால் டிட்டோவை விட்டுவிட்டு அந்த இரண்டையே ஜோடி சேருங்கள். நாட் இருந்தால், அதே ஐந்து பெஸ்டும் உள்ள குஞ்சு ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். டிட்டோவிடமிருந்து வரும் அட்டாக் 31ஐக் கழற்றிவிடவும் இதுதான் வழி. பெற்றோர் இருவருக்கும் ஆறும் பெஸ்ட் என்றால்கூட, ஆறும் பெஸ்ட் உள்ள குஞ்சு 32க்கு ஒன்றுதான். கெங்காருக்கு அந்த ஆறாவது பெஸ்ட் வேண்டவே வேண்டாம். அதைத் துரத்தி மகளின் ஒரு வார லீவைச் செலவழிக்காதீர்கள்.

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது இந்த ஆட்டத்துக்கே எழுதியதுபோல இருக்கும். குஞ்சு எந்த இனம் என்பதைத் தாய்தான் தீர்மானிக்கும். வேற்று இனத்து அப்பாவோடு சேர்த்தால், குஞ்சு இருக்கும் போக்கிமான் பந்தும் தாயுடையதுதான். டிட்டோவோடு சேர்க்கும்போது மற்றது ஆணாக இருந்தாலும் அந்தத் தாய் இடம் அதற்குத்தான். மகளுக்குக் கெங்கார் கறுப்பு லக்சுரி பந்திலிருந்து வெளியே வர வேண்டும் என்று ஆசை இருந்தால், முதல் கேஸ்ட்லியையே லக்சுரி பந்தில் பிடித்துவிடுங்கள். கடைசியில் யோசித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். நாளைக்கு வேறு இனத்துக்குப் போகும்போது மறைந்த திறமை, அதாவது ஹிட்டன் அபிலிட்டி உள்ள தாய் கிடைத்தால் விடாதீர்கள். குஞ்சுக்கு அது இறங்க 60 சதவீத வாய்ப்பு உண்டு.

நிறம் மாறிய ஷைனியும் வேண்டும் என்றால், பெற்றோரில் ஒன்று வேறு மொழியில் ஆடுகிறவரிடமிருந்து வந்ததாக இருக்கட்டும். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜுனிச்சி மசூடா பெயரால் இதை மசூடா முறை என்கிறார்கள். சாதாரணமாக 4,096இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு இதில் ஏறக்குறைய 683இல் ஒன்றாகும். இதை இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டாம். முதலில் பெற்றோர் அமையட்டும், பிறகு எத்தனை முட்டை பொரித்தாலும் ஒவ்வொன்றும் நல்லதாகவே வரும்.

மிஞ்சும் குஞ்சுகளைப் பற்றி மகள் கட்டாயம் கேட்பாள். மூன்று பெஸ்ட், நான்கு பெஸ்ட் உள்ளவற்றை விடுவித்துவிடாதீர்கள். ஆன்லைன் சந்தா இருந்தால் சர்ப்ரைஸ் டிரேடில் போடுங்கள். எங்கோ இன்றைக்குத்தான் ஆடத் தொடங்கிய ஒரு பிள்ளையின் கையில் நான்கு பெஸ்ட் டிமிட் கேஸ்ட்லி போய் விழும். எனக்கும் முதல் நல்ல ஜோடி அப்படி முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய குஞ்சிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு அவர் வைத்த செல்லப் பெயரை நான் இன்னும் மாற்றவில்லை.