பயமுறுத்தினால் பல் தேய்ப்பார்களா?

கேள்வி: நான் பல் மருத்துவராகி இரண்டு வருடம்தான் ஆகிறது. இரவில் பல் தேய்க்க வேண்டும், பல் இடுக்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். ஈறு நோய் முற்றினால் எப்படியாகும் என்று படம்கூடக் காட்டுகிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் ஆறு மாதம் கழித்துப் பல்லில் அதே அழுக்குப் படிவோடு வந்து உட்காருகிறார்கள். வேறு எப்படித்தான் சொல்வது டாக்டர்?

பதில்: முதலில் அந்தப் படங்களை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். 1953-இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல் சுத்தத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி மாணவர்களில் ஒரு குழுவுக்குப் பயங்கரமான படங்களோடு பாடம், ஒரு குழுவுக்கு மிதமாக, இன்னொன்றுக்குப் பயமே அதிகம் காட்டாமல். ஒரு வாரம் கழித்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சொன்னபடி மாறியவர்கள் குறைவாகப் பயம் காட்டிய குழுவில் 36 சதவீதம், அதிகம் பயமுறுத்திய குழுவில் 8 சதவீதம்தான். பிற்கால ஆய்வுகள் பயம் எப்போதுமே வீண் என்று சொல்லவில்லை, ஆனால் ‘இதை என்னால் சரிசெய்ய முடியும்’ என்ற நம்பிக்கையும் கூடவே கிடைத்தால்தான் அது வேலை செய்கிறது. நாம் பெரும்பாலும் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம்.

அப்புறம், பேச்சைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுங்கள். மதுப் பழக்கம் உள்ளவர்களோடு பேசும்போது வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதிவைத்த வழி இது, ஊக்கமூட்டும் நேர்காணல் என்கிறார்கள். மாற வேண்டிய காரணத்தை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்தே வர வேண்டும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு பல்லைத் தாங்கும் எலும்பு தேய்வதைப் பற்றி இரண்டு வருடம் விளக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள், “உங்கள் வாயில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாரிடம் பேசினாலும் கையால் வாயை மூடிக்கொள்கிறேன், நாற்றம் அடிக்குமோ என்று பயம் என்றார். அதுவரை அந்தக் கையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், கேட்டதில்லை.

காரணம் கிடைத்ததும் கைக்கண்ணாடியையும் பிரஷ்ஷையும் அவர் கையிலேயே கொடுங்கள். படிவைக் காட்டும் சாயத்தைத் தடவி வாயைக் கொப்பளிக்கச் சொன்னால், கீழ் முன்பற்களின் உள்பக்கமும் கடைசிக் கடைவாய்ப் பல்லின் ஈறோரமும் அடர் சிவப்பாகத் தெரியும். “எங்கே விட்டுப்போயிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவரே கண்டுபிடித்து, அவரே தேய்த்து, அந்தச் சிவப்பு போவதைப் பார்க்கட்டும்.

ரத்தத்தைப் பற்றி அவசியம் பேசுங்கள். ஈறில் ரத்தம் வருகிறது என்று பயந்து அந்த இடத்தையே தொடாமல் விடுகிறவர்கள் ஏராளம். 1965-இல் ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது, திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் சரியாகியும்விட்டது. ஆகவே, “மெதுவாக, ஆனால் விடாமல் தேய்த்து இரண்டு வாரம் ரத்தத்தைக் கவனியுங்கள், குறையாவிட்டால் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினால், பலன் அவர் கண்ணுக்கே தெரியும்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். அதையும் ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள், ‘பிரஷ்ஷைக் கழுவி வைத்ததும் ஃபிளாஸை (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை) எடுப்பேன்’ என்கிற மாதிரி. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், பல் தேய்ப்பதற்கு முன்பு ஃபிளாஸ் செய்தவர்களைவிடத் தேய்த்த பிறகு செய்தவர்களுக்குத்தான் அது நன்றாகப் பழகியது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த வேறோர் ஆய்வில், புதிய பழக்கம் ஒட்டிக்கொள்ள 66 நாள் வாக்கில் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. இதை நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும், ஒருநாள் விட்டதும் ‘எல்லாம் போச்சு’ என்று மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு ஒரு பல் மருத்துவர், ‘பல்லை இப்படியா வைத்திருப்பீர்கள்’ என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் போகவே இல்லை. இப்போது ஈறில் ரத்தம் வருகிறது, போகக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்களைத் திட்டியது தவறு. வேறொரு மருத்துவரிடம் போனிலேயே நேரம் கேட்கும்போது, “ரொம்ப நாளாக வரவில்லை, முன்பு ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன், அதனால் பயம்” என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும், கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதல் தடவை பார்த்துவிட்டுப் பேசினால் மட்டும் போதும் என்றும் கேட்கலாம். இந்த வாரமே போன் செய்யுங்கள், அதுவரை ரத்தம் வருகிற இடத்தையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருங்கள்.