காலேஜ் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்கள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி கோல்கீப்பரை எடைபோட ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

பதில்: சேவ் சதவீதம். கோலை நோக்கி வந்த ஷாட்களில் எத்தனையைத் தடுத்தார் என்பது பெரும்பாலும் அவர் வேலை. 60 நிமிடத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்ற கோல் சராசரியில் டிஃபென்ஸுக்கும் பங்கு உண்டு. எத்தனை ஷாட் வந்தது என்று தெரியாமல் சராசரியை நம்பாதீர்கள்.

கேள்வி: 2022-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருது மின்னசோட்டா ஸ்டேட் பல்கலைக்கழக கீப்பர் டிரைடன் மெக்கேக்கு, சிறந்த கோல்கீப்பருக்கான மைக் ரிக்டர் விருதோ நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டெவன் லெவிக்கு. இது என்ன கூத்து?

பதில்: கூத்தே இல்லை, கணக்குதான். மெக்கே: சராசரி 1.31, சேவ் .931 (அதாவது 93.1 சதவீதம்). லெவி: 1.54, .952. சராசரியை, தடுக்காமல் விட்ட பங்கால் (1-லிருந்து சேவைக் கழித்தால் வருவது) வகுத்தால் ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் என்று வந்துவிடும். மெக்கேக்கு 1.31-ஐ .069-ஆல் வகுத்தால் 19. லெவிக்கு 1.54-ஐ .048-ஆல் வகுத்தால் 32. மெக்கேயின் அணி எதிரியைப் பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) கிட்டவே அண்டவிடவில்லை. லெவி இதே சதவீதத்தோடு 19 ஷாட் மட்டும் வாங்கியிருந்தால் சராசரி 0.91-தான்.

கேள்வி: மெக்கேயை மட்டம் தட்டாதீர்கள். கல்லூரி நாள்கள் முழுவதும் சேர்த்து 34 ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்), அது என்சிஏஏ எனும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் சாதனை!

பதில்: யார் மட்டம் தட்டியது? .931 நல்ல எண். ஆனால் ஷட்அவுட்டிலும் அதே ஷாட் கணக்குதான். எல்லா ஷாட்டும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்வோம். .931 கீப்பர் 19-ஐயும் தடுக்க வாய்ப்பு சுமார் 26 சதவீதம். .952 கீப்பர் 32-ஐயும் தடுக்க 21-தான். சேவ் சதவீதம் கூடியவருக்கு ஷட்அவுட் வாய்ப்பு குறைவு!

கேள்வி: ஷாட் குறைவாக வந்தால் வருவதெல்லாம் ஆபத்தான ஷாட்டாக இருக்கலாமே? சும்மா நின்று உடம்பும் ஆறிப்போகும்.

பதில்: முதல் பாதி சரியான அடி. சேவ் சதவீதத்துக்கு தூரத்து நீலக் கோட்டிலிருந்து வந்த ஷாட்டும் கிரீஸ் (கோல் வாயில் கீப்பர் நிற்கும் இடம்) முன்னால் அடித்ததும் ஒன்றுதான். அதனால்தான் .931-க்கும் .952-க்கும் இடைவெளி முழுக்க லெவியின் திறமை என்று நான் சொல்லவில்லை. உடம்பு ஆறுவதை எந்த எண்ணில் காட்டுவீர்கள்?

கேள்வி: என் அண்ணன் மகன் முதலாமாண்டு கீப்பர். 6 ஆட்டத்தில் .945. என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) போவானா?

பதில்: 150 ஷாட் என்று வைத்தால் 8 கோல். இன்னும் இரண்டு விட்டிருந்தால் .933. சீசன் முடியட்டும், அப்புறம் பேசுவோம்.

கேள்வி: சராசரி 2-க்குக் கீழே இருந்தால் நல்ல கீப்பர்தானே?

பதில்: மேலே படியுங்கள். ஷாட்.

கேள்வி: ஜிம்மி ஹோவார்ட் 2003-04-இல் மெய்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது சராசரி 1.19. அதுவும் டிஃபென்ஸ் தயவா?

பதில்: வகுத்தீர்களா? அவர் சேவ் .956. 1.19-ஐ .044-ஆல் வகுத்தால் 27 ஷாட். இந்த 1.19-க்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

கேள்வி: ஸ்ரீஜேஷை இதே முறையில் அளக்கலாமா?

பதில்: அது புல்தரை ஹாக்கி. பெனால்டி கார்னர் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆளில்லாத கோலில் போனது கீப்பர் கணக்கில் ஏறுமா?

பதில்: ஏறாது. போஸ்ட்டில் பட்டு வெளியே போனதையும் ஷாட்டாக எண்ணமாட்டார்கள்.