எய்ச்சி ஓதாக்கியின் 'எ லாங் வெகேஷன்': கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: வேலை முடிந்து வந்து நிம்மதியாகக் கேட்க ஒரு பழைய ஜப்பானிய பாப் ஆல்பம் சொல்லுங்கள்.

பதில்: 1981 மார்ச் 21 அன்று வந்த எய்ச்சி ஓதாக்கியின் 'எ லாங் வெகேஷன்'. பத்தே பாட்டு. வரிசை மாற்றாமல் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: முதல் பாட்டில் என்னென்ன வாத்தியம் என்றே பிரிக்க முடியவில்லையே?

பதில்: பிரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார். அறுபதுகளில் அமெரிக்காவில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கையாண்ட வழி அது: பல அகூஸ்டிக் கிட்டார், பல பியானோ, ஏகப்பட்ட தாளக்கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்க, ஒருவர் மைக்கில் பக்கத்தில் இருப்பவரின் சத்தமும் விழ, மேலே எதிரொலியும் சேர்த்துவிடுவார்கள். முதல் பாட்டான 'கிமி வா தென்னென்ஷோகு' தொடக்கத்தைக் கவனியுங்கள். பியானோ கேட்கிறது, சுருதி சேர்க்கிறார்கள், டிரம் குச்சி தட்டி எண்ணுகிறது, அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் இறங்குகிறது. அதற்கு மேல் ஓதாக்கி கொஞ்சமும் முக்காமல், மெத்தென்று பாடுகிறார். மனசு இளகுவது அந்தக் குரலால்தான். ஃபோன் ஸ்பீக்கரில் இது எல்லாமே வெறும் இரைச்சல்.

கேள்வி: உற்சாகமான மெட்டுதான், ஆனால் உள்ளே ஏதோ சோகம். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பதில்: இல்லை, நிஜமாகவே இருக்கிறது. ஒரு பாட்டைத் தவிர எல்லாவற்றின் வரிகளும் தகாஷி மட்சுமோட்டோ எழுதியவை. 'ஹாப்பி எண்ட்' குழுவில் ஓதாக்கியோடு இருந்த டிரம்மர். 1980இல் அவருடைய தங்கை இறந்துபோனார். எழுத முடியவில்லை, வேறு யாரையாவது வைத்துக்கொள் என்றார். ஓதாக்கி மாட்டேன் என்று காத்திருந்தார், அந்த ஜூலையில் வரவேண்டிய ஆல்பம் அடுத்த மார்ச்சுக்குப் போனது. கறுப்பு வெள்ளையான நினைவுகளுக்கு நிறம் கொடு என்று முதல் பாட்டு கெஞ்சுவதை இது தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும்.

கேள்வி: எங்கே கேட்பது?

பதில்: 2021 மார்ச் 21 முதல் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறது.

கேள்வி: இது சிட்டி பாப்தானே, அதாவது எழுபது எண்பதுகளின் ஜப்பானிய நகர்ப்புற பாப்?

பதில்: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிட்டி பாப்பின் பெரிய பெயரான தட்சுரோ யமஷிதாவின் 'ஃபார் யூ' (1982) கேளுங்கள், அமெரிக்க ஃபங்க், சோல் கேட்டு வளர்ந்த இசை, பேஸும் டிரம்ஸும் முன்னால் நிற்கும். ஓதாக்கியின் காது அறுபதுகளின் தொடக்கத்து ரேடியோவில் இருக்கிறது.

கேள்வி: யமஷிதாவின் 'சுகர் பேப்' குழு ஆல்பத்தை 1975இல் வெளியிட்டதே ஓதாக்கியின் நயாகரா லேபிள்தானே? அப்புறம் எப்படி வேறு?

பதில்: சரியான கேள்வி. இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது உண்மை. ஆனால் ஒருவரை வளர்த்துவிடுவதும் அவரைப் போலவே இசை செய்வதும் வேறு வேறு.

கேள்வி: அட்டையில் நீச்சல் குளம், பனைமரம், கடல். சிட்டி பாப் என்று சொல்ல இன்னும் என்ன வேண்டும்?

பதில்: குழப்பமே அந்த அட்டையால்தான் வருகிறது! ஹிரோஷி நாகாய் வரைந்தது, ஆல்பத்துக்கு முன்பே 1979இல் இதே பெயரில் அவரும் ஓதாக்கியும் ஒரு படப் புத்தகம் போட்டிருந்தார்கள். அட்டையை மறைத்துவிட்டு இதிலுள்ள 'கோய் சுரு காரென்' பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: வேகம் குறைத்து மழைச்சத்தம் சேர்த்த பதிப்பு கேட்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தனை பேர் சேர்ந்து கட்டிய ஒலியை ஏன் சேறாக்க வேண்டும்?

கேள்வி: பழைய எல்பி இசைத்தட்டுக்குப் பெரிய விலை சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: பத்து லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பம், அரிய பொருள் இல்லை. ஏமாறாதீர்கள்.

கேள்வி: எங்கே கேட்பது?

பதில்: மேலே இருக்கிறது, படியுங்கள். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம்.

கேள்வி: இதற்கு அடுத்து?

பதில்: 1984 மார்ச் 21இல் வந்த 'ஈச் டைம்'. 2013 டிசம்பர் 30இல் இறக்கும்வரை அவர் வேறு புது ஆல்பம் போடவில்லை, அதனால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள்.