ஆச்சியிடம் கேளுங்க: புதன்கிழமை ராத்திரிக்கு என்ன வழி?

(மும்பை சயான் கோலிவாடாவில் 40 வருடமாகக் குடியிருக்கும் தூத்துக்குடி ஆச்சி பதில் சொல்கிறார்)

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கும் மெனு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறேன். புதன்கிழமைக்கு மேல் தாங்குவதில்லை. காய் வாடுகிறது, ராத்திரி வெளியே வாங்குகிறோம்.
– வாசகி, முலுண்ட்

அந்தத் தாளை முதலில் கிழிச்சுப் போடு தாயி. ஆசைப்பட்டதை எழுதியிருக்கே. எந்தக் காய் எத்தனை நாள் இருக்கும்னு பார்த்து எழுதணும். கீரையும் வெண்டைக்காயும் திங்கள், செவ்வாய்க்கு. முட்டைக்கோஸ், பூசணி அதுக்கு அடுத்து. சேனையும் உருளையும் வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாமக் கிடக்கும். மாவும் அப்படித்தான். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து போட்டு ஞாயிறு ஆட்டினா ரெண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை. புளிச்சதும் வெங்காயம் போட்டுப் பணியாரம்.

புதன்கிழமை ராத்திரிக்குக் காயே எழுதாதே. லோக்கல் ரயிலில் நின்னுக்கிட்டே வந்தவளுக்கு வெஞ்சனம் நறுக்கத் தெம்பு இருக்காது. உளுந்தஞ்சோறு வை. 1 டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வாசம் வர்ற வரைக்கும் வெறும் குக்கரிலேயே வறுத்துக்கோ. பத்துப் பல் பூண்டு, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு கை தேங்காய்ப்பூ, உப்பு, 4 டம்ளர் தண்ணி. நாலு விசில். எள்ளுத் துவையலை மட்டும் ஞாயிற்றுக்கிழமையே அரைச்சு வச்சிரு. எங்க வீட்டில் அவுக நைட் டூட்டி பார்த்த காலத்தில் வாரம் ரெண்டு நாள் இதுதான். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லை. சுளிச்சிருந்தா அவுகளே சமைச்சிருக்கணும், அது வேற.

கன்னியாகுமரியிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. ஜூனில் மீன் கிடைக்காது என்கிறார்களே, என்ன வாங்கி வைப்பது?
– வாசகர், கல்யாண்

தமிழ்நாட்டில் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடிக்கத் தடை. இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மார்க்கெட்டில் ஐஸ் மீன் வரும், விலையைக் கேட்டாப் பசி போயிரும். கோலிக்காரங்களும், அதான் இந்த ஊர் மீனவங்க, நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் வழக்கமாத் தொழிலுக்கு இறங்குவாங்க.

அதனால மே மாசமே கோலிக்கார அக்காமார்கிட்டே காய்ஞ்ச பொம்பிலும் ஜவ்லாவும் வாங்கிரு. பொம்பில்னா பாம்பே டக்னு சொல்ற மீன். ஜவ்லான்னா நம்ம சென்னாகூனிதான், பொடி இறால். பொம்பில் உப்பில் ஊறாம வெயிலில் காய்ஞ்சது. நம்ம சீலாக் கருவாடுன்னு நினைச்சுக் குழம்பில் உப்பைக் குறைச்சிராதே. தலை, வால், துடுப்பை வெட்டி இன்னும் ரெண்டு வெயில் காட்டி, காத்துப் போகாத டின்னில் அடை. மழை பிடிச்சா வெயிலைப் பார்க்கவே முடியாது, பூஞ்சை வந்திரும். பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை திறந்து மோந்து பார்.

பக்கத்து வீட்டில் வாசத்துக்குச் சண்டைக்கு வந்தா? எனக்கும் வந்திருக்கு. அவங்க வெளியூர் போற நாளைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டேன்.

வீடு ஒன் ரூம் கிச்சன். மாமியார் ஊரிலிருந்து வருஷச் சாமான் அனுப்புகிறார். எங்கே வைப்பது?
– வாசகி, டோம்பிவிலி

புளியை வாங்கிக்கோ. கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வச்சா வருஷம் தாங்கும். வத்தலும் மல்லியும் வெயில் காட்டினதா இருந்தா சரி. அரிசி, பருப்பு எல்லாம் ஒரு மாசத்துக்குப் போதும்னு அவங்க மகனை விட்டே சொல்லச் சொல்லு.

எங்கே வைக்கிறதுங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போ நாங்க தரைத்தளம். ஒரு மூட்டை அரிசி தரையில் கிடந்துச்சு. தண்ணி முட்டி வரைக்கும் ஏறுறதைப் பார்த்துக்கிட்டே டிவியைத்தான் தூக்கினேன், அரிசி ஞாபகமே வரலை. அவுக அந்தேரியிலிருந்து நடந்து மறுநாள் காலையில் வந்து சேர்ந்தப்போ, பரணில் இருந்த ரவையும் கருப்பட்டியும்தான் மிச்சம். பால் இல்லை. உப்புமாவும் கருப்பட்டிக் காப்பியும் மாடி வீட்டு ஸ்டவ்வில் போட்டுக் கொடுத்தேன். ஊறின அரிசியை மூட்டையோட வெளியே இழுத்துப் போட ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு. அதிலிருந்து தரையில் உப்பு ஜாடியைக்கூட வைக்கிறதில்லை.

ரவையில் வண்டு வருகிறது. என்ன செய்ய?
– வாசகி, சீவுட்ஸ்

வறுத்து, ஆறினப்புறம் பாட்டிலில் போடு. ஆஃபர்னு 5 கிலோ வாங்காதே. நான் வாங்கினேன்.