பிறவி ஃபாஸ்பேட் குறைபாடு: பிளஸ் டூ முடித்த மகளை எதில் சேர்ப்பது?

தக்கலை பக்கமிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

‘மகளுக்குக் கிட்னி போய்விடுமா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். படிப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தப் பயம் தெளியாமல் எந்த அப்ளிகேஷனையும் நிதானமாக நிரப்ப முடியாது என்பதால் முதலில் அதைப் பேசிவிடுவோம்.

ரிப்போர்ட்டில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ஹைப்போஃபாஸ்பட்டீமியா, அதாவது எலும்புக்கு வேண்டிய ஃபாஸ்பேட் என்ற தாது இரத்தத்தில் குறைந்துபோகும் பிறவிக் கோளாறு. சுமார் 20,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் உலகமெங்கும் காணப்படுவது. இதில் சிறுநீரகம் கெட்டுப்போவதில்லை. எலும்பின் செல்கள் எஃப்.ஜி.எஃப். 23 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் ஃபாஸ்பேட் கூடினால் சிறுநீரில் கழித்துவிடச் சொல்வது அதன் வேலை. ஃபெக்ஸ் என்ற மரபணு பழுதானவர்களுக்கு ஃபாஸ்பேட் குறைந்து கிடக்கும்போதும் அந்த ஹார்மோன் அடங்குவதில்லை. கோடையிலும் குளத்து மடையைத் திறந்துவிடச் சொல்லிக்கொண்டே இருப்பது மாதிரி. மடையில் பழுதில்லை, வருகிற உத்தரவுதான் தவறு. சிறுநீரக நுண்குழாய்களில் ஃபாஸ்பேட்டைத் திரும்ப இழுக்கும் கடத்திகள் குறைந்துவிடுகின்றன. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியையும் அதே ஹார்மோன் அமுக்கிவிடுகிறது. மருந்துக்கடையில் வாங்கிய வைட்டமின் டி தூளை வருடக்கணக்கில் கொடுத்தும் பிள்ளையின் கால் வளைவு மாறாததற்குக் காரணம் இதுதான்.

சிறுநீரகத்துக்கு உண்மையான ஆபத்து, மருந்தின் அளவு தப்பினால்தான். ஃபாஸ்பேட் கரைசலும், வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலும் மிஞ்சினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியலாம். ஃபாஸ்பேட் அதிகமானால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். அதுவும் ஃபாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும். டாக்டர் சொல்லும் ஸ்கேனையும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் காலேஜ் சேர்ந்த பிறகும் தவறவிடாதீர்கள். வேறொரு பிள்ளையின் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து மாற்றவே கூடாது. இதே போலத் தெரியும் இன்னொரு பிறவி நோயில் எஃப்.ஜி.எஃப். 23 ஹார்மோன் சரியாக இருக்கும், கடத்திதான் பழுது. அவர்களுக்குக் கால்சிட்ரியால் கொடுத்தால் சிறுநீரில் கால்சியம் கூடிக் கல் உண்டாகும்.

கர்ப்ப காலத்தில் நீங்கள் பாலும் மீனும் சாப்பிடாததால் வந்தது என்று வீட்டில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது அப்பட்டமான தவறு. கணவருக்கும் சின்ன வயசிலிருந்தே கால் வளைவு, உயரம் குறைவு, சொத்தை இல்லாமலே பல்லில் சீழ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தகப்பனுக்கு இந்தக் கோளாறு இருந்தால் அவருடைய எல்லா மகள்களுக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. தம்பிக்கு இல்லாததும் இதோடு பொருந்துகிறது. யாரும் யாரையும் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

இனி படிப்பு. சித்திமார் இரண்டு பேரும் வெளிநாட்டில் நர்ஸ். நம் குமரி மாவட்டத்தில் நர்ஸிங் ஒரு குடும்பத்தையே தூக்கிவிட்ட கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வெளிப்படையாகச் சொல்கிறேன், வார்டு நர்ஸ் வேலைக்கு இந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும், நோயாளியைத் தூக்கிப் புரட்ட வேண்டும். முழங்கால் வலி இப்போதே இருக்கிறது. வயது ஏற ஏற மூட்டு இறுக்கமும் எலும்பில் மெல்லிய முறிவுகளும் வரக்கூடிய உடல் இது.

பயாலஜியில் நல்ல மார்க், கணக்கு பயம் என்கிறீர்கள். என் முதல் தேர்வு பயோகெமிஸ்ட்ரி. பிறகு எம்.எஸ்சி., அங்கிருந்து மரபணு ஆலோசகர் படிப்பு. குடும்பத்தில் ஒரு நோய் எப்படி இறங்கி வருகிறது, எந்தப் பரிசோதனை செய்யலாம், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்கிற வேலை அது. இதற்கு ஆள் இன்னும் குறைவு. சென்னை, திருவனந்தபுரம் மாதிரி பெரிய ஊருக்குப் போக வேண்டிவரும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலை என்றால், டிகிரி முடித்து மெடிக்கல் கோடிங் போகலாம். நோய்களுக்குப் பட்டியல்படி குறியீடு எழுதும் வேலை, கம்ப்யூட்டர் முன்னால்தான். மகளின் நோய்க்கே அமெரிக்கப் பட்டியலில் இ83.31 என்று ஒரு குறியீடு இருக்கிறது. மெடிக்கல் லேப் டெக்னாலஜியும் பரவாயில்லை. ஆனால் சில லேப்களில் நின்றுகொண்டே இரத்தம் எடுக்க வைப்பார்கள், கேட்டுவிட்டுச் சேருங்கள்.

காலேஜை முடிவு செய்வதற்கு முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நேரில் போங்கள். லேப் எந்த மாடியில், லிப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். தக்கலையிலிருந்து நாகர்கோவில் வடசேரி வரை காலை பஸ்ஸில் இடம் கிடைக்கிறதா என்று அதே நேரத்தில் ஏறிப் பாருங்கள். ஃபாஸ்பேட் மருந்து ஒரு நாளைக்கு நாலைந்து வேளை என்பதால் வகுப்பு நேரத்தில் ஒரு வேளையாவது வரும். ஒரு வேளை அளவைச் சின்ன மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்கக் கூடாது, உடம்பில் ஏறாது. வயிறு கலக்குவதும் உண்டு, அதனால் துறைத்தலைவரிடம் முதல் வாரமே ஒரு டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டால் நடு வகுப்பில் எழுந்து போக அவள் தயங்க மாட்டாள். வளைந்த காலை நிமிர்த்தும் ஆபரேஷன் திட்டத்தில் இருந்தால் அட்டெண்டன்ஸ் அடிபடாமல் லீவு மாதங்களில் வைக்க முடியுமா என்று எலும்பு டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டாம், கல்யாணப் பேச்சில் இடிக்கும் என்று கணவர் சொல்கிறார் என்றீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் அரசு வேலையில் 4 சதவீத இடமும் இருக்கின்றன. வளர்ந்தவர்களில் உயரம் 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ இருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. மகள் 144 என்று எழுதியிருக்கிறீர்கள். சதவீதத்தை முடிவு செய்வது மருத்துவக் குழு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பித்து, எக்ஸ்-ரே, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். நீட் எழுதியிருந்தால் ஊனம் அதிகம் என்று நீங்களே ஒதுங்கவும் வேண்டாம். சதவீதத்தை மட்டும் வைத்து எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, படிக்க முடியுமா என்று குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அந்த எஃப்.ஜி.எஃப். 23 ஹார்மோனையே மடக்கிப் பிடிக்கும் புரோசுமாப் என்ற ஊசி 2018-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. விலை நம்மைப் போன்ற வீடுகளுக்கு எட்டாதது, அதற்காகக் கடன் வாங்கிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணவரை மட்டும் இந்த மாதமே கூட்டிப்போய் வெறும் வயிற்றில் ஃபாஸ்பேட் பார்த்துவிடுங்கள். அவர் கடையில் நாள் முழுக்க நிற்கிறார், இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் வைத்தியம் தேவைப்படலாம்.