அந்த அரக்கனுக்குச் சட்டம் உண்டு (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

போன கிழமை வீட்டில் 'பான்ஸ் லபிரிந்த்' படம் பார்த்தோம். கண் இரண்டையும் உள்ளங்கையில் வைத்திருக்கிற அந்த வெள்ளை உருவம் வந்த இடத்தில் அம்மா எழும்பிப் போய்விட்டார். "பட்டதெல்லாம் காணாதெண்டே இதையும் காசு கட்டிப் பாக்கிறாய்?" என்று குசினிக்குள் இருந்து கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வழக்கமான பேய்ப்படம் என்றால் விடிந்ததும் பயம் போய்விடும். இது இன்னும் என்னை விடவில்லை. முழுதாக விளங்கவும் இல்லை. படத்தில் வருகிற ஒஃபேலியா என்ற அந்தப் பிள்ளை கண்டது உண்மையா, அவளுடைய கற்பனையா? இருட்டும் கனவுமான இந்த மாதிரிப் படங்களில் மனம் போய் ஒட்டிக்கொள்வது ஏன்? நிஜத்துக்குப் பயந்து ஓடுகிறேனா? சிநேகிதி ஒருத்தி அடுத்ததாக 'இரேசர்ஹெட்' பார்க்கச் சொல்கிறாள். பார்க்கலாமா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

அம்மா கேட்டதில் பிழை இல்லை. அவருடைய வயதுக்காரர்கள் இந்த நகரத்தில் எதையெல்லாம் கடந்து வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் எழும்பிப் போனதற்கு விளக்கம் கேட்க வேண்டாம், பிடித்து இருத்திப் பார்க்கப் பண்ணவும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை உருவம் வருவதற்கு எவ்வளவோ முந்தி ஒரு முயல் காட்சி வருகிறது. அதை அவர் இருந்து பார்த்திருக்கிறார். என்னால் கண் திறந்து பார்க்க முடியாதது அதுதான்.

1944ஆம் ஆண்டு ஸ்பெயின். உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் காட்டுக்குள் போராளிகள் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடுகிற படையினர் ஓர் இரவு ஒரு தகப்பனையும் மகனையும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முயல் பிடிக்கப் போனோம் என்கிறார்கள் அவர்கள். கப்டன் விடால் மகனின் முகத்தில் போத்தலால் இடிக்கிறான், நிறுத்தாமல் இடிக்கிறான். பிறகு தகப்பனைச் சுடுகிறான். அதெல்லாம் முடிந்துதான் பைக்குள் கை விடுகிறான். உள்ளே முயல் இருக்கிறது. அவன் முகம் மாறவே இல்லை. இனிமேல் ஒழுங்காகச் சோதித்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்று தன் ஆட்களை ஏசிவிட்டுப் போகிறான்.

இனி அந்த வெள்ளை உருவத்துக்கு வருவோம். நீண்ட மேசை, பின்னால் நெருப்பு, மேசை கொள்ளாத சாப்பாடு. மேசைத் தலைப்பில் அது அசையாமல் இருக்கிறது. அதன் கண்கள் முன்னால் ஒரு தட்டில் கிடக்கின்றன. ஒஃபேலியாவுக்கு முன்னமே சொல்லியாயிற்று: எதையும் வாயில் வைக்காதே. இராச்சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அவள். இரண்டு முந்திரிகைப் பழத்தைத் தின்கிறாள். உடனே அது விழித்து, கண்களை எடுத்து உள்ளங்கைகளில் பொருத்திக்கொண்டு எழும்புகிறது. கப்டன் விருந்து வைக்கிற காட்சியை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அதே மாதிரி மேசைத் தலைப்பு, அதே மாதிரி பின்னால் நெருப்பு. இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ அதை வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்.

ஆனால் இரண்டு பேருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வெள்ளை உருவத்துக்குச் சட்டம் இருக்கிறது. தின்னாவிட்டால் அது எழும்பாது. தின்றாலும், மணற்கடிகாரம் ஓடி முடிய முந்தி வாசலுக்கு வந்துவிட்டால் தப்பலாம். கப்டனுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. முயல் பிடிக்கப் போனோம் என்று உண்மையைத்தானே அந்த மகன் சொன்னான்?

இந்தப் படங்களில் மனம் ஒட்டுவதற்கு நான் காண்கிற காரணம் இதுதான். கொழும்பில் தமிழராக வளர்ந்தவருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. போர்க் காலத்தில் காலி வீதியில் பஸ்ஸை மறித்து இறக்கி, அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்ப்பார்கள். என்ன சொன்னால் விடுவார்கள், என்ன சொன்னால் பிடிப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நேற்றுச் சரியாக இருந்த பதில் இன்று பிழையாகிப் போகும். அந்தப் பயத்தை அப்படியே படமாக எடுத்தால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு உருவம் கொடுத்து, ஒரு மேசையில் இருத்தி, இதைச் செய்தால் எழும்பும், இதைச் செய்யாவிட்டால் எழும்பாது என்று சொல்லிவிட்டால், அதோடு ஒரே அறைக்குள் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஓடுகிறவர்கள் இந்தப் பக்கமே வர மாட்டார்கள், ச. ஓடுவதற்கு வேறு எவ்வளவோ படம் இருக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. கலிங்கத்துப்பரணியைப் பாருங்கள். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. செத்த வீரர்களின் பல்தான் அரிசி. கேடயத்தைச் சுளகாகப் பிடித்துத் தவிடு போகப் புடைக்கின்றன. ஜெயங்கொண்டார் அந்தச் சமையலை அவசரமே இல்லாமல், அடுத்தது இது, அதற்கடுத்தது இது என்று சொல்லிக்கொண்டே போகிறார். பிணக்காட்டுக்குள் ஒரு குசினியின் ஒழுங்கு வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இதை நயம் எழுதுகிற பாடமாக நடத்தி முடித்துவிடுகிறார்கள், பெரிய அநியாயம்.

கனவு முறையெல்லாம் மேற்கத்தேயச் சரக்கு என்று சொல்வோரும் உண்டு. கில்ஃபர்ட் கிரசென்டில் நாடகம் பார்க்கப் போகிறோமே, அந்த அரங்கின் பெயருக்கு உரிய லயனல் வென்ட் 1930களிலேயே இந்த நகரத்தில் இருந்து, ஒளியை இருட்டாகத் திருப்பியும் படங்களை வெட்டி ஒட்டியும், கனவு போன்ற சர்ரியல் புகைப்படங்கள் செய்தவர்.

இதே சட்டத்தை வைத்து நம் பக்கத்தில் வந்த நல்ல படம் 2018இன் 'தும்பாட்'. ஓயாத மழை, பாழ்வீடு, ஒரு பெண்ணின் வயிறு மாதிரியான நிலவறை. அதற்குள் ஹஸ்தர் என்ற அரக்கன். அவனிடம் பொன் இருக்கிறது, தானியம் இல்லை, எந்நேரமும் பசி. மாவில் செய்த பொம்மையைப் போட்டு, அவன் அதைத் தின்கிற நேரத்துக்குள் மடியில் இருந்து காசைப் பறித்துக்கொண்டு ஏற வேண்டும். சுற்றிப் போட்ட மாவு வளையத்துக்குள் அவன் வரமாட்டான். அவ்வளவும் தெரிந்து காசுக்காக இறங்குகிற மனிதன் எப்படி அழிகிறான் என்பதுதான் கதை. இதற்கு எதிர்மாறாக இப்போது ஓடிடியில் வந்து குவிகிற பலதில் திரை கறுப்பாக இருக்கும், இரத்தம் இருக்கும், அரக்கன் நினைத்த நேரம் நினைத்ததைச் செய்வான். அவற்றை நான் பாதியில் நிறுத்திவிடுவேன். விளங்காமல் எடுப்பது ஒரு தகுதியே இல்லை.

சரி, ஒஃபேலியா கண்டது உண்மையா? படத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் அடைபட்டிருக்கிறவள் சுண்ணக்கட்டியால் கதவு வரைந்துதான் வெளியே போகிறாள். அந்தச் சுண்ணக்கட்டி கப்டனின் மேசையில் கிடக்கிறது, அவனே அதைக் காண்கிறான். ஆனால் கடைசியில் ஃபோன் (faun) என்கிற, பாதி ஆடு பாதி மனிதனான உருவம் அவள் முன்னால் நிற்கும்போது கப்டனின் கண்ணுக்கு அங்கே ஒருவரும் இல்லை. உண்மை என்றுதான் டெல் டோரோ சொல்லி வருகிறார். எனக்கு இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கப் பிடிக்கிறது. படம் முடிந்த கையோடு யூடியூபில் முடிவுக்கு விளக்கம் தேடாதீர்கள். இன்னும் என்னை விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, படம் மனதில் கிடந்து செய்கிற அந்த வேலையை விளக்கம் கெடுத்துவிடும்.

'இரேசர்ஹெட்' வேறு மாதிரி. 1977இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், டேவிட் லிஞ்சின் முதல் நெடும்படம். மனிதக் குழந்தை போல இல்லாத ஒரு குழந்தையோடு தனித்து விடப்படுகிற ஒரு தகப்பனின் கதை. நான் மேலே சொன்ன சட்டக் கணக்கு இதில் செல்லாது. யாரும் எந்த விதியும் சொல்வதில்லை. படத்தைப் பிடித்து வைத்திருப்பது சத்தம். தொழிற்சாலை இரைச்சல் போல ஒன்று நிற்காமல் அடியில் ஓடும். 2025 ஜனவரியில் சாகும் வரைக்கும் அர்த்தம் என்னவென்று லிஞ்ச் சொல்லவே இல்லை. பாருங்கள், ஆனால் கைபேசியில் வேண்டாம். நல்ல ஹெட்போன் போட்டு, ஒரே இருப்பில் பாருங்கள்.

அதற்கு முந்தி விக்டர் எரிசேயின் 'த ஸ்பிரிட் ஒஃப் த பீஹைவ்' பார்த்துவிடுங்கள். 1973இல், சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடு இருக்கும்போதே ஸ்பெயினுக்குள் எடுத்தது. கதை நடப்பது போர் முடிந்த கையோடு, 1940 அளவில். ஊருக்கு வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்த்த ஒரு சின்னப் பிள்ளை அந்த அரக்கனைத் தேடிப் போகிறாள். வெளிக்கட்டடம் ஒன்றில் காயப்பட்டு ஒளிந்திருக்கிற ஒருவனைக் கண்டு, சாப்பாடும் தகப்பனின் உடுப்பும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவனை என்ன செய்தார்கள் என்பது இரவில், தூரத்தில், வெடிச் சத்தமாக வருகிறது. அம்மா தானாக வந்து பக்கத்தில் இருந்தால், இதை அவரோடு சேர்ந்து பார்க்கலாம்.