கீரைக்கார அம்மாவின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நடைபாதைக் கடைகளை அகற்றக்கூடாது என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். போன மாதம் என் அம்மா (வயது 74) நடைபாதையில் கால் வைக்க இடமில்லாமல் சாலையில் இறங்கி நடந்தார். பைக் ஒன்று உரசி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. வாடகையும் வரியும் இல்லாமல் பொது இடத்தில் கடை போடுகிறவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கருணை, நடந்து போகிறவர்கள் மேல் ஏன் இல்லை? தனியாக ஒரு கட்டடம் கட்டி எல்லோரையும் அங்கே அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

எம்.

அன்புள்ள எம்.,

அம்மாவுக்கு எலும்பு கூடிவிட்டதா? அந்த வயதில் வலது கையா இடது கையா என்பதே பெரிய விஷயம். என் கட்டுரையில் நடந்து போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது என் பிழை. நீங்கள் சுட்டிக்காட்டியது சரி.

ஆனால் 'வாடகை இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் அம்மாவிடம் பல வருடங்களாக வாங்குகிறேன். விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுந்து, நான்கைந்து பெண்களோடு ஒரு வண்டியைச் சேர்ந்து பிடித்து மொத்த மார்க்கெட்டுக்குப் போவார். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குள் இங்கே வந்து ஈரச் சாக்கை விரித்துவிடுவார். பத்து மணி வரைதான் கீரைக்கு முகம் இருக்கும். அதன் பிறகு தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்தாலும் தலை சாய்ந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு மிஞ்சிய கட்டுகளைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வார். கத்திரி வெயிலிலும் அவர் வாய் நிறையத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினேன். "குடிச்சிட்டு எங்கே போறது சாமி?" என்றார். பக்கத்தில் பெண்களுக்கான கழிப்பறை இல்லை. இத்தனை காலம் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை.

இனி அவர் கொடுக்கும் வாடகை. பின்னால் இருக்கும் கடைக்காரர் தன் வாசலை மறைப்பதற்கு மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார். கேட்டு வருகிறவர்களுக்குக் காசாகவோ கீரையாகவோ தினமும் கொஞ்சம் போகிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது தண்டல். பத்தாயிரம் ரூபாய் கேட்டால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய்தான் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்குப் பதினைந்து சதவீதம் போலத் தெரியும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் நாளிலிருந்தே அசல் கரைந்து வருவதால், அந்த 100 நாளில் சராசரியாக அவரிடம் இருப்பது வாங்கியதில் பாதிப் பணம்தான். ஆண்டு வட்டியாக்கிப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் நோட்டோடு பைக் வந்து நிற்கிறது.

இவ்வளவு வட்டிக்கு ஏன் வாங்குகிறார் என்று கேட்பீர்கள். நாளைக்கும் அந்த இடத்தில் அவர் இருப்பார் என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. அதனால் பணம், இடம், பாதுகாப்பு எல்லாவற்றையும் அன்றன்றைக்கு, அன்றன்றைய விலையில் வாங்க வேண்டியிருக்கிறது. நீங்களும் நானும் மாதக் கணக்கில் வாழ்கிறோம். அவர் நாள் கணக்கில் வாழ்கிறார். சில்லறையாக வாங்குகிற எதுவும் விலை கூடத்தானே?

தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஊரில் இருக்கிற எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். சான்றிதழ் பெற்ற இடத்திலிருந்து மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றைக்கே விடுவிக்க வேண்டும். கீரையை மனதில் வைத்தே யாரோ எழுதிய பிரிவு போலிருக்கிறது, படித்தபோது நெகிழ்ந்துவிட்டேன். நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைத்து, அதன் உறுப்பினர்களில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கான வழியும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. எந்தச் சாலையில் எத்தனை பேர் உட்காரலாம், எங்கே யாரும் உட்காரவே கூடாது, நடக்க எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் குழுவைக் கலந்துகொண்டு வரையறுக்கலாம். கோடு போட்டு, இடம் குறித்து, அட்டை கொடுத்துவிட்டால், கோட்டைத் தாண்டுகிறவரை வியாபாரிகளே தட்டிக் கேட்பார்கள். நிலையான இடம் இருக்கிறவருக்கு முண்டியடித்து முன்னால் வர வேண்டிய அவசியம் இல்லை. அம்மா விழுந்த இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நடைபாதையில் நிற்கும் பைக்குகளையும், கடைகள் வெளியே இழுத்து வைத்திருக்கும் பலகைகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

தனிக் கட்டடம் கட்டுவதைச் சென்னை செய்து பார்த்தது. பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் 2013-இல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். மாடி ஏறி வாங்க ஆள் வருவதில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். ஹேர்ப்பின் வாங்குவதற்கென்று யார் மாடி ஏறுவார்கள்? போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குகிற பொருள் அது. கீரையும் அப்படித்தான்.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஜூனில், மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது, ஓர் ஆண்டில் திருப்பிக் கட்டலாம், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். தண்டல்காரர் தருகிற அதே பத்தாயிரம்! ஆனால் வங்கிக்குப் போக வியாபாரிச் சான்றோ அடையாள அட்டையோ, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்த அம்மாவிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. தேதி இருந்த இடம் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. "இதைக் காட்டினா எழுப்ப மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவருக்கு இரண்டு கட்டு சிறுகீரை எடுத்துக் கொடுத்தார்.